தரையை மறந்த டாங்கி: முதல் டயோரமாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஆரியங்காவிலிருந்து ஒரு தம்பி ரயிலேறிச் செங்கோட்டையில் வந்து இறங்கினான். கையில் ஒரு செருப்புப் பெட்டி. உள்ளே பழைய வேட்டித் துணியில் சுற்றிய 1/35 பேட்டன் டாங்கி, அதாவது ஒரு அமெரிக்க டாங்கியை 35இல் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்த பிளாஸ்டிக் மாடல். ஐந்து மாத உழைப்பு. பூச்சு அவ்வளவு சுத்தம். கிட்டில் (ஒட்டிச் சேர்க்க வேண்டிய பாகங்களாக வரும் பெட்டி) வந்த தடித்த கைப்பிடிகளை நறுக்கிவிட்டு, வயரிலிருந்து உரித்த செம்புக் கம்பியில் புதிதாக வளைத்து ஒட்டியிருந்தான். "டாங்கி முடிஞ்சிட்டு அண்ணாச்சி. இனி அடியில தரை மட்டும் செஞ்சா போதும்" என்றான்.

அந்த 'மட்டும்' காதில் விழுந்ததுமே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொன்னேன். அதன் பிறகு என்னிடம் வந்த பிள்ளைகளில் பாதிப் பேர் இதே வாசகத்தோடுதான் வந்தார்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பசை வழிவது, வார்ப்புக் கோட்டைச் சுரண்டாமல் விடுவது, கட்டியான பெயின்டை அப்படியே பூசுவது இதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. இரண்டாவது கிட்டுக்குள் கை தானாகப் பழகிவிடும். ஒரு டயோரமாவை, அதாவது மாடலைத் தரையும் ஆட்களுமாக ஒரு காட்சிக்குள் வைத்துக் காட்டும் வேலையை, முடிக்க விடாமல் செய்கிற தவறுகள் வேறு.

தரையைக் கடைசிக்குத் தள்ளுவது

முதல் டயோரமாவுக்கு நான் எடுத்த காட்சி அசல் உத்தர். 1965 செப்டம்பரில் பஞ்சாபின் கேம்கரன் பகுதியில் நடந்த டாங்கிச் சண்டை. நம் படையினர் வயல்களில் தண்ணீரைத் திறந்துவிட்டு, கரும்புக்குள் மறைந்து காத்திருந்தார்கள். பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகள் அந்த ஈர வயலில் இறங்கிச் சிக்கின. ஜீப்பில் பொருத்திய ரிகாயில்லெஸ் (பின்னுதைப்பு இல்லாத) பீரங்கியோடு பயிருக்குள் நின்று அவற்றை அடித்த அப்துல் ஹமீது செப்டம்பர் 10 அன்று உயிர் கொடுத்தார். பரம்வீர் சக்கரம் பெற்றவர். தண்ணீர் கட்டிய வயலையும் கரும்பையும் பார்த்தே வளர்ந்தவன் நான். இந்தக் காட்சி எனக்குச் சுலபமாக வரும் என்று நம்பினேன்.

டாங்கிக்கு நான்கு மாதம் செலவழித்தேன். பக்கத்துக்கு ஆறு ரோடு வீல், அதாவது எடையைத் தாங்கி உருளும் சக்கரம். பன்னிரண்டையும் கண்ணாடி மேசைமேல் வைத்து, ஒரே மட்டத்தில் ஆடாமல் ஒட்டினேன். பெயின்ட், வாஷ் (இடுக்குகளில் ஓடவிடும் நீர்த்த பெயின்ட்), பிக்மென்ட் (நிறப்பொடி), மேட் வார்னிஷ் (பளபளக்காத மேல்பூச்சு) எல்லாம் முடித்தேன். அப்புறம்தான் பலகை எடுத்தேன். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் மேடுபள்ளமாக ஒரு வயல் செய்து, காய்ந்த பிறகு டாங்கியைத் தூக்கி மேலே வைத்தேன்.

முன்னால் ஒரு மேட்டிலும் பின்னால் ஒரு மேட்டிலும் தொட்டுக்கொண்டு நின்றது. நடுவில் நாலு வீலும் அந்தரத்தில் தொங்கின. ட்ராக்குக்கு (வீல்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை) அடியில் ஒரு தபால் அட்டையை இந்தப் பக்கம் நுழைத்து அந்தப் பக்கம் எடுக்கலாம். நிஜ பேட்டன் ஏறத்தாழ 45 டன். அது புதைந்து கிடப்பதாக நான் செய்த சேற்றில், தபால் அட்டை உரசாமல் போய் வந்தது.

அடுத்துச் செய்ததுதான் பெரிய தவறு. 'தரையை இளக்கிவிட்டு டாங்கியை அமுக்கினால் சரியாகிவிடும்' என்று புதிதாகப் பிளாஸ்டர் கரைத்து ஊற்றி, டாங்கியை வைத்து அமுக்கினேன். வீல்களுக்கு இடையில் வெள்ளைக் குழம்பு பிதுங்கி ஏறியது. ஈரத் தூரிகையால் துடைத்தேன். சேறுபோல இரண்டு வாரம் கட்டிக்கட்டிப் பூசிய பிக்மென்ட் கரைந்து உடல்வரை சாம்பல் நிறமாக இழுகியது. அதற்குள் பிளாஸ்டர் சூடாகி இறுக ஆரம்பித்துவிட்டது. பதறிப்போய்த் தூக்கினேன். வலது முன் வீல் கையோடு ஒடிந்து தரையில் தங்கிவிட்டது. ட்ராக் அறுந்தது. நாலு மாத வேலை பத்து நிமிஷத்தில் போயிற்று. பணம் போனதைக்கூட மறந்துவிட்டேன். வரிசையை மாற்றியிருந்தால் இது நடந்தே இருக்காது என்பதுதான் இன்றைக்கும் ஆறாமல் இருக்கிறது.

இத்தனைக்கும் பாடம் என் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. நடவுக்கு முன் தொழி அடிக்கிற வயலில் டிராக்டர் மாட்டிக்கொண்டால் என்ன நடக்கிறது என்று இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சேறு கீழே மட்டும் அமுங்காது. இரண்டு பக்கமும் பிதுங்கி, சின்ன வரப்புபோல எழும்பி நிற்கும். சக்கரம் போன தடத்தில் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஊறும். ஓட்டுகிறவர் வேகம் கொடுக்கக் கொடுக்கப் பின்பக்கம் ஆழமாக இறங்கி, முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். அடிவயிறு சேற்றில் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் இன்னொரு வண்டி வந்து இழுத்தால்தான் உண்டு. ட்ராக்கில் ஓடுகிற வண்டி எடையைப் பரப்பிக்கொண்டு போவதால் சாதாரண ஈரத்தைத் தாங்கிவிடும். ஆனால் புதைந்துவிட்டால் இதே கதைதான். இந்த அடையாளங்களில் இரண்டு மூன்றாவது தரையில் தெரிந்தால்தான் பார்க்கிறவர் கண் அந்த எடையை நம்பும். டாங்கிமேல் எவ்வளவு சேறு பூசினாலும் அந்த நம்பிக்கை வராது.

இப்போது நான் செய்கிற வரிசை இது. கிட்டைப் பிரித்த அன்றே பலகையையும் எடுத்து, டாங்கி நிற்கும் இடத்தைப் பென்சிலால் வரைந்துகொள்கிறேன். உடலையும் வீல்களையும் தனித்தனியாகச் சேர்க்கிறேன், ஆனால் வீல் தாங்கும் கைகளை ஒட்டுவதில்லை. பல கிட்களில் கை ஒரே மட்டத்தில் நிற்பதற்காக ஒரு சின்ன முளை இருக்கும். அதை நறுக்கிவிட்டால் கை மேலும் கீழும் அசையும். தரைக்கு வால் புட்டி, சலித்த மணல், ஃபெவிகால், கூடவே பழுப்பு அக்ரிலிக் பெயின்டையும் சேர்த்துப் பிசைகிறேன். நிறம் உள்ளேயே கலந்திருந்தால் பிற்பாடு ஓரம் பெயர்ந்தாலும் வெள்ளை பல்லிளிக்காது. இந்தக் கலவை பிளாஸ்டர்போல உடனே இறுகாது, வேண்டிய நேரம் கொடுக்கும்.

கலவை களிமண் பதத்தில் இருக்கும்போதே டாங்கியின் அடிப்பாகத்தை மெல்லிய பாலிதீனால் சுற்றி, வேண்டிய ஆழத்துக்கு அமுக்குங்கள். இந்த அளவில் 1 செ.மீ. என்பது நிஜத்தில் 35 செ.மீ. என்று நினைவில் வையுங்கள். அமுக்கும்போது வீல் கைகள் தரைக்கு ஏற்ப ஏறி இறங்கும். அந்த நிலையிலேயே ஒட்டிவிடுங்கள். பக்கத்தில் பிதுங்குகிற சேற்றை வழித்து எடுத்துவிடாதீர்கள், அதுதான் உங்களுக்கு வேண்டியது. தரை தன் வடிவத்தைத் தாங்கும் அளவுக்கு இறுகியதும் டாங்கியைத் தூக்கிவிடலாம். இனி எத்தனை முறை தூக்கி வைத்தாலும் அதே பள்ளத்தில்தான் உட்காரும். டாங்கிக்குப் பூசும் சேறும் இதே கலவையிலிருந்து வர வேண்டும் என்பதால் மணலில் ஒரு பங்கைத் தனி டப்பாவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. உடலின் மேல்பாதியை மூடுவதற்கு முன் அடித்தட்டில் ஒரு நட்டை எபாக்ஸி பசை வைத்து ஒட்டுங்கள். கடைசியில் பலகைக்கு அடியிலிருந்து ஒரு போல்ட் போட்டு முறுக்கினால் டாங்கி அசையாது. பஸ்ஸில் கொண்டுபோனாலும் கவலையில்லை.

ஆரியங்காவுத் தம்பியின் டாங்கியைக் காப்பாற்றிவிட்டோம். ஒட்டிய வீல் கைகளைப் பிளேடால் அறுத்து எடுக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. அடிப்பக்கம் பெயின்ட் போனதைச் சேறு மூடிக்கொண்டது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான்.

கிட் எந்த வகை என்று பார்க்காமல் வாங்குவது

அசல் உத்தர் செய்ய ஆசைப்படுகிறவர்கள் கையில் பெரும்பாலும் கிடைப்பது எம்48ஏ3. அது அமெரிக்கர்கள் டீசல் எஞ்சின் பொருத்தி வியட்நாமில் ஓட்டிய வகை. 1965இல் பாகிஸ்தானிடம் இருந்தவை பெட்ரோலில் ஓடிய எம்47, எம்48. என் உடைந்த டாங்கியும் ஏ3தான், அதுவும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 1971இல் ராஜஸ்தான் பாலைவனத்தில் நடந்த லோங்கேவாலா சண்டையைச் செய்வதாக இருந்தால் பேட்டன் பக்கமே போகாதீர்கள். அங்கே மணலில் சிக்கியவை சீனத் தயாரிப்பான டி-59 டாங்கிகள்.

பெரிய பலகை

வேண்டாம். பேட்டன் 1/35இல் பத்து செ.மீ.க்குச் சற்று அதிக அகலம். 30க்கு 25 செ.மீ. பலகையில் கொஞ்சம் சாய்கோணமாக வைத்தால் போதும். காலி இடம் கூடினால் அதை நிரப்பியே ஓய்ந்துபோவீர்கள். பலகைக்கு இரண்டு பக்கமும் வார்னிஷ் அடித்த பிறகே ஈரக் கலவையைப் பரப்புங்கள், இல்லாவிட்டால் வில்லாக வளையும்.

நம்மூர் மண்ணை அப்படியே தூவுவது

மண்ணை அள்ளிவந்து தூவுவதில் ஒரு ஆனந்தம் இருக்கிறது, புரிகிறது. ஆனால் இங்கே தோட்டத்தில் கிடைக்கும் செம்மண் பஞ்சாப் வயலுக்குப் பொருந்தாது. அங்கே ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த வண்டல், சாம்பல் கலந்த பழுப்பு. லோங்கேவாலா செய்த ஒரு பையன் உடன்குடிப் பக்கத்துத் தேரி மணலைக் கொண்டுவந்திருந்தான். அழகான மணல்தான், ஆனால் ரத்தச் சிவப்பு. தார்ப் பாலைவனத்து மணல் வெளிறிய மஞ்சள். நிறத்தைப் பெயின்டால் மாற்றிவிடலாம், மண்ணைத் தரைக்குக் கனம் கொடுக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

பருமனும் முக்கியம். 1 மி.மீ. மணல் துகள் இந்த அளவில் 3.5 செ.மீ. கல். ஆற்று மணலைச் சலிக்காமல் போட்டால் சிப்பாய்கள் சரளைமேல் நிற்பதுபோல ஆகிவிடும். டீ வடிகட்டியில் ஒரு தடவை, பழைய வாயில் புடவைத் துணியில் இன்னொரு தடவை சலித்தால் சரியாக வரும்.

கரும்புக்கும் கணக்கு உண்டு. இரண்டரை மீட்டர் கரும்பு 7 செ.மீ. சிப்பாய் 5 செ.மீ.கூட இருக்க மாட்டார். பயிர் ஆளைவிட உயரமாக இல்லாவிட்டால் ஜீப் எப்படி மறைந்திருந்தது என்ற கதையே விளங்காது.

சாரலில் வார்னிஷ் அடிப்பது

ஆனி, ஆடியில் குற்றாலத்துக் காற்று வீட்டுக்குள் வந்தால் உப்பே கசிகிறது. அந்த ஈரத்தில் ஸ்ப்ரே கேனால் மேட் வார்னிஷ் அடித்தால், காயும்போது வெள்ளையாகப் பனி படர்ந்ததுபோல ஆகிவிடும். கரும்பச்சை டாங்கியில் அது அப்பட்டமாகத் தெரியும். அப்படி ஆகிவிட்டால் உடனே சுரண்டாதீர்கள். நல்ல வெயில் நாளில் மேலே ஒரு பூச்சு கிளாஸ் (பளபளக்கும்) வார்னிஷ் அடித்துப் பாருங்கள், பல நேரம் வெண்மை மறைந்துவிடும். அப்புறம் மறுபடி மேட் அடிக்கலாம். சாரல் மாதங்களில் நான் தூரிகையால் பூசும் வேலைகளை மட்டும் வைத்துக்கொள்கிறேன். ஸ்ப்ரே எல்லாம் மாசி, பங்குனிக்கு.

தடத்தில் ஊறும் தண்ணீருக்கு ரெசின் (கண்ணாடிபோல இறுகும் திரவம்) ஊற்றுகிறவர்களும் கவனியுங்கள். ஈரக் காற்றில் சில ரெசின்கள் மேலே கலங்கிவிடும். கலக்கும் அளவு கொஞ்சம் தப்பினாலும் பிசுபிசுப்பு போகாது. முதல் தடவைக்குக் கிளாஸ் வார்னிஷை எட்டுப் பத்து பூச்சாகக் கொடுப்பதே போதும்.

எல்லா இடத்திலும் துரு

ஓடிக்கொண்டிருக்கிற டாங்கி துருப்பிடிக்காது. எக்ஸாஸ்டில் கொஞ்சம், அவ்வளவுதான்.

ஆளுக்கொரு திசையில் பார்க்கும் சிப்பாய்கள்

பெட்டியில் வந்த ஆறு பேரையும் நிறுத்தியே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. புதைந்த டாங்கியிலிருந்து ஒருவர் இறங்குகிறார், இன்னொருவர் கரும்புப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார். இரண்டு பேர் போதும், பார்க்கிறவர் கண் அந்தக் கரும்புக்குப் போய்விடும். தலையை வெட்டிச் சற்றுத் திருப்பி ஒட்டினாலே பார்வை மாறிவிடும். பூட்ஸுக்கு அடியில் துளை போட்டு மெல்லிய கம்பி சொருகி, தரை ஈரமாக இருக்கும்போதே நட்டு எடுத்துவிடுங்கள். டாங்கிக்குச் சொன்னதுதான் ஆளுக்கும், காலடிக்கு ஒரு தடம் வேண்டும்.

ஈரம் போகுமுன் மூடிவிடுவது

முடித்த சந்தோஷத்தில் மறுநாளே அக்ரிலிக் பெட்டி போட்டு மூடிவிடுவோம். தரைக்குள் இருக்கும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் பெட்டியின் உள்பக்கம் வேர்க்கும். ஒட்டிவைத்த நிஜப் புல்லிலும் மண்ணிலும் பூஞ்சை பிடிக்கும். என் இரண்டாவது டயோரமாவில், வரப்புப் புல்லாக ஒட்டிய தேங்காய் நாரில் மூன்றாவது வாரமே வெள்ளைப் பூஞ்சை முளைத்தது. மண்ணை வாணலியில் போட்டு நன்றாக வறுத்து ஆறவைத்த பிறகே சலியுங்கள். நாரை ரெண்டு நாள் உச்சி வெயிலில் காயவிடுங்கள். முடித்த பலகையைக் குறைந்தது ஒரு மாதம் திறந்தே வைத்து, தூசு விழாமல் மேலே ஒரு மெல்லிய துணி மட்டும் கட்டுங்கள். பெட்டி போடும்போது பின்பக்கம் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு சின்னத் துளை விட்டு, எறும்பு ஏறாமல் கொசுவலைத் துண்டை ஒட்டிவிடுங்கள்.