பாய்மரப் படகுக்குத் தானியங்கி மின்கட்டுப்பாடு: தேர்ந்தெடுக்கும் முறை

ஏறத்தாழ 12 மீட்டர் நீளமும் 12 வோல்ட் மின்னமைப்பும் கொண்ட பாய்மர உல்லாசப் படகு ஒன்றுக்கு, விளக்கு, பம்ப் போன்றவற்றைத் திரையிலிருந்து இயக்கும் தானியங்கி மின்கட்டுப்பாட்டு அமைப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று இங்கே படிப்படியாகப் பார்க்கலாம். விற்பனையாளர்கள் பெரும்பாலும் தொடுதிரையைக் காட்டித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். அந்தத் திரை அணைந்துபோனால் படகில் எவையெல்லாம் இயங்கும் என்பதே வாங்குபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

படி 1: மின்சுமைகளைப் பட்டியலிடுங்கள்

விளக்குகள், தண்ணீர் பம்ப், குளிர்பெட்டி, பிற படகுகளுடனும் கரையுடனும் பேச உதவும் விஎச்எஃப் ரேடியோ, நங்கூரத்தைத் தூக்கும் விண்ட்லாஸ் என ஒவ்வொன்றும் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது, பேட்டரியிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். பழைய முறையில் ஒவ்வொரு சாதனத்துக்கும் சுவிட்ச் பலகையிலிருந்து தனி வயர் போக வேண்டும். புதிய முறையில் தடித்த மின்கம்பி ஒன்றும் மெல்லிய தகவல் கம்பி ஒன்றும் படகின் நெடுக ஓட, சாதனங்களுக்கு அருகிலேயே வைக்கப்படும் சிறு கட்டுப்பாட்டுப் பெட்டிகள் அவற்றை இயக்கும். வயர் மிச்சமாவதே இதன் உண்மையான ஆதாயம் என்பதால், பட்டியலில் பத்துப் பதினைந்து இணைப்புகளே இருந்தால் மின்சுமை மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் பிரேக்கர்கள் கொண்ட நல்ல பலகை ஒன்றே போதும் என்பது என் கருத்து.

படி 2: தானியங்கியிடம் ஒப்படைக்கக் கூடாதவற்றைப் பிரியுங்கள்

படகின் அடித்தளத்தில் சேரும் நீரை வெளியேற்றும் பில்ஜ் பம்ப், நீர் உயர்ந்தால் தானே இணைப்புக் கொடுக்கும் மிதவை சுவிட்ச் வழியாகவும் தனக்கென ஒரு ஃபியூஸ் வழியாகவும் பேட்டரியுடன் நேரடியாக இணைந்திருக்க வேண்டும். பம்ப் எத்தனை முறை ஓடியது என்று கணக்கிடுவதும், அளவுக்கு மீறி ஓடினால் எச்சரிப்பதும் மட்டுமே தானியங்கி அமைப்பின் வேலையாக இருக்கட்டும். இரவில் பிற படகுகளுக்கு நம் படகைக் காட்டும் வழிகாட்டி விளக்குகளையும் ரேடியோவையும் அமைப்பில் சேர்க்கலாம். ஆனால் மின்னணுப் பகுதி செயலிழந்தாலும் கையாலேயே இணைப்புக் கொடுக்கும் மாற்றுவழி அவற்றுக்குக் கட்டாயம் இருக்க வேண்டும். 1,000 வாட் விண்ட்லாஸ் 12 வோல்ட்டில் 80 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் என்பதால், அதற்கான மின்சாரம் சிறு கட்டுப்பாட்டுப் பெட்டி வழியாகச் செல்லக் கூடாது. அதற்கெனத் தனி ரிலேயும் (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கி நிறுத்தும் சுவிட்ச்) பிரேக்கரும் வேண்டும்.

படி 3: தகவல் கம்பியைச் சோதியுங்கள்

இன்றைய படகுகளில் வெவ்வேறு நிறுவனங்களின் மின்னணுச் சாதனங்கள் தமக்குள் தகவல் பரிமாறும் பொதுமொழியாக இருப்பது என்எம்இஏ 2000 என்ற தரநிலை. கார்களில் பயன்படும் கேன் பஸ் தொழில்நுட்பத்தின் மேல் அமைந்த இது, நொடிக்கு 250 கிலோபிட் வேகத்தில் இயங்குகிறது. சுவிட்ச் கட்டளைகளுக்கும் தொட்டி அளவுகளுக்கும் இவ்வேகம் தாராளம். ரேடார், கேமரா படங்களுக்குத் தனி ஈதர்நெட் இணைப்பு தேவை. முதன்மைக் கம்பியின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை பொருத்தப்பட்டிருக்க வேண்டும். கிளைக் கம்பி எதுவும் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது.

உங்கள் படகில் இக்கம்பி ஏற்கெனவே இருந்தால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு வெள்ளை, நீல வயர்களுக்கு இடையே மல்டிமீட்டரை வைத்து மின்தடையை அளந்து பாருங்கள். 60 ஓம் அளவில் காட்டினால் நல்லது. 120 காட்டினால் ஒரு முனையின் மின்தடை விடுபட்டிருக்கலாம். 40 காட்டினால் யாரோ மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்திருக்கக்கூடும். இதைச் சரிசெய்யாமல் புதிய அமைப்பைப் பொருத்தினால், பிறகு வரும் கோளாறுகளுக்கெல்லாம் புதிய பெட்டிகளே பழி சுமக்கும்.

படி 4: அமைப்புகளை ஒப்பிடுங்கள்

சிசோன், 2020-இல் கார்மின் நிறுவனம் வாங்கிய எம்பிர்பஸ் ஆகியவை படகின் மின்சுற்றுகளைத் திரையிலிருந்து இயக்குவதற்கென்றே உருவானவை. விக்ட்ரான் நிறுவனத்தின் செர்போ ஜிஎக்ஸ் முதன்மையாக பேட்டரி, சார்ஜர், சூரியத் தகடுகளைக் கண்காணிப்பது. பலருக்கு உண்மையில் தேவைப்படுவது இவ்வளவுதான். கணினியில் கைபழகியவர்கள் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் இயங்கும் சிக்னல் கே என்ற திறமூல மென்பொருளையும் பரிசீலிக்கலாம். ஆனால் அதைக் கண்காணிப்புக்கு மட்டும் வைத்துக்கொள்வதே உசிதம்.

படி 5: சும்மா இருக்கும்போது இழுக்கும் மின்சாரத்தைக் கணக்கிடுங்கள்

என்எம்இஏ 2000 சாதனங்களில், அவை தகவல் கம்பியிலிருந்து இழுக்கும் மின்சாரத்தைக் காட்டும் எல்இஎன் என்றொரு எண் குறிக்கப்பட்டிருக்கும்; ஒரு எல்இஎன் என்பது 50 மில்லிஆம்பியர். எல்லாவற்றையும் கூட்டி 10 வந்தால் அரை ஆம்பியர், அதாவது நாளொன்றுக்கு 12 ஆம்பியர்-மணி. 200 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியில் பாதியைத்தான் பயன்படுத்துவது நல்லது என்பதால், சார்ஜ் ஏதுமின்றி நிறுத்திவைத்த படகில் அது எட்டு நாளில் கரைந்துவிடும். ஆகவே அமைப்பு உறங்கும் நிலைக்குச் செல்லுமா, அந்நிலையில் எவ்வளவு இழுக்கும் என்று கேளுங்கள்.

படி 6: பணம் கொடுக்கும் முன்

எந்தப் பொத்தான் எந்தச் சுற்றை இயக்கும் என்பது ஒரு கட்டமைப்புக் கோப்பில் எழுதப்பட்டிருக்கும். அதன் நகலையும் வயரிங் வரைபடத்தையும் ஒப்பந்தத்திலேயே கேட்டுப் பெறுங்கள். இல்லையெனில் வேறொரு துறைமுகத்தில் பழுது பார்ப்பவர் தொடக்கத்திலிருந்தே தேட வேண்டியிருக்கும். பிறகு, பொருத்துபவரை அருகில் வைத்துக்கொண்டு திரையை அணைத்து, தகவல் கம்பியின் ஓர் இணைப்பையும் கழற்றச் சொல்லுங்கள். அந்த நிலையில் பில்ஜ் பம்பின் மிதவையைக் கையால் உயர்த்தி அது ஓடுகிறதா என்று பாருங்கள். வழிகாட்டி விளக்குகளை மாற்றுவழியில் நீங்களே எரியவிட்டுப் பார்த்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.