காலிக்கு முன் கறுவாத்தோட்டம்

விடுமுறைக்கு இலங்கை வந்து கொழும்பு வெள்ளவத்தையில் தங்குபவர்கள் எப்படியும் ஒரு நாள் காலிக்குப் போவார்கள். கோட்டை மதில்மேல் நடை, கலங்கரை விளக்கத்தடியில் படம், ஒரு ஐஸ்கிரீம், திரும்பல். கடல்சார் நூதனசாலைக்குள் நுழைபவர்கள் குறைவு. நுழைந்த பிள்ளைகளும் "உடைந்த சட்டிபானை" என்று அலுத்துக்கொள்வார்கள். அதற்கு மருந்து கொழும்பிலேயே இருக்கிறது.

முதல்நாள் கறுவாத்தோட்டத்துத் தேசிய நூதனசாலைக்குப் போய், காலி மும்மொழிக் கல்வெட்டு எங்கே என்று கேளுங்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் பயணத்தோடு வந்த கல் அது. பொறித்த ஆண்டு 1409. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள். பொன், வெள்ளி, பட்டு, நறுமண எண்ணெய் என்று காணிக்கைகள் ஏறக்குறைய ஒன்றுதான், பெறுபவர்கள்தான் வேறு. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது, பாரசீகப் பகுதி இஸ்லாத்தை. தமிழ்ப் பகுதி தீவின் தென்கோடியான தேவேந்திரமுனையில் கோயில்கொண்டிருந்த தென்னாவரை நாயனாரை, அதாவது திருமாலைப் போற்றுகிறது. 1588இல் போர்த்துக்கேயர் அழித்த கோயில் அது. சீனத்திலிருந்து வந்தவர்கள் இந்தத் தீவில் நாட்ட எடுத்துவந்த கல்லில் தமிழை வெட்டியிருக்கிறார்கள் என்றால், அன்றைய துறைமுகங்களில் தமிழ் எவ்வளவு புழங்கியிருக்க வேண்டும்! 1911இல் காலியில் இதைக் கண்டெடுத்தபோது ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்தது என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். எழுத்துகள் தேய்ந்திருக்கின்றன, கண்ணாடி போடுபவர்கள் மறக்காமல் கொண்டுபோங்கள்.

மறுநாள் ரயில். கொழும்புக் கோட்டை நிலையத்தில் ஏறுவதைவிட மருதானையில் ஏறினால் இருக்கை கிடைக்கும் வாய்ப்பு அதிகம். போகும்போது வலப்பக்கம் உட்காருங்கள். கடல் அந்தப் பக்கம். அம்பலாங்கொடையைத் தாண்டியதும் பெரேலிய வரும். 2004 ஆழிப்பேரலை ஒரு ரயிலையே புரட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட இடம், நினைவுச்சின்னம் இருக்கிறது.

காலி நூதனசாலை காலிக் கோட்டையின் பழைய வாயிலை ஒட்டிய ஒல்லாந்தர் பண்டசாலையில் இருக்கிறது. உள்ளே போகுமுன் வாயிலை இரு பக்கமும் நின்று பாருங்கள்: வெளியே பிரித்தானியச் சின்னம், உள்ளே 1669 என்ற ஆண்டோடு ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சின்னம். நூதனசாலையில் நேரம் எடுத்துப் பார்க்க வேண்டியது 'அவொண்ட்ஸ்டர்' கப்பலின் கதை. ஆங்கிலேயரிடமிருந்து ஒல்லாந்தர் பறித்த கப்பல். 1659இல் காலித் துறைமுகத்திலேயே மூழ்கியது. சுழியோடிகள் அகழ்ந்தெடுத்த பொருட்களில் ஒரு பங்கை ஆழிப்பேரலை மறுபடியும் கடலுக்கே கொண்டுபோனது. முதல்நாள் கல்லைப் பார்த்தவர்களுக்கு இங்கே சட்டிபானையும் சரக்காகத் தெரியும்.

இரு இடங்களிலும் வெளிநாட்டவருக்குக் கட்டணம் வேறு. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் தேசிய அடையாள அட்டையைக் காட்டலாம். போயா எனும் பௌர்ணமி விடுமுறை நாளில் கிளம்பாதீர்கள். நூதனசாலை மூடியிருக்கலாம், ரயிலும் நெரியும். சிங்களம் தெரியாதே என்று தயங்க வேண்டாம். கோட்டைக்குள் முஸ்லிம் குடும்பங்கள் பல. கடைகளில் தமிழில் கேட்டுப் பாருங்கள்.

மாலை ரயிலில் நிற்க முடியாதவர்களுக்கு அதிவேக நெடுஞ்சாலை பஸ் இருக்கிறது. இறங்கும் இடத்திலிருந்து வெள்ளவத்தைக்கு ஓட்டோ பிடிக்கலாம். மீற்றர் போடச் சொல்லி ஏறுங்கள்.