மருந்து ஊற்றுவதற்கு முன்: மீனின் ஒட்டுண்ணிகளை நுண்ணோக்கியில் கண்டறியும் முறை

மீன்கள் நீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினாலோ, தொட்டிச் சுவரில் உடலை உரசினாலோ, பலர் உடனே மருந்தைக் கரைத்து ஊற்றிவிடுகிறார்கள். கரைந்த ஆக்சிஜன் குறைந்தாலும் அம்மோனியா கூடினாலும் மீன்கள் இவ்வாறே தவிக்கும். ஃபார்மலின் போன்ற மருந்தோ இருக்கிற ஆக்சிஜனையும் குறைத்துவிடும். ஆகவே நீரைச் சோதித்த பின்னரே மீனைச் சோதிக்க வேண்டும்.

இதற்குச் சாதாரணக் கூட்டு நுண்ணோக்கியே போதும். கணினியில் இணைக்கும் மலிவான டிஜிட்டல் நுண்ணோக்கியை நான் பரிந்துரைப்பதில்லை. அதில் தெரியும் மீன் பேனும் நங்கூரப்புழுவும் வெறுங்கண்ணுக்கே தெரிபவை.

நலிந்த, ஆனால் உயிருள்ள மீனைத் தேர்ந்தெடுங்கள். மீன் இறந்தபின் புற ஒட்டுண்ணிகள் பலவும் உடலை விட்டு விலகிவிடும், அல்லது மடிந்துவிடும் என்பதால், நேற்று செத்து மிதந்த மீனில் எதுவும் காணாவிட்டால் அதற்குப் பொருளே இல்லை.

கையை நனைத்துக்கொண்டு மீனைப் பிடித்து, மார்புத் துடுப்புக்குப் பின்புறம் கவர் ஸ்லிப்பின் (ஸ்லைடை மூடும் மெல்லிய கண்ணாடித் துண்டு) விளிம்பால் தலையிலிருந்து வால் நோக்கி மெல்ல வழித்தெடுத்த சளியை ஸ்லைடில் வைத்து, மீன் இருந்த நீரிலேயே ஒரு துளி விட்டு மூடுங்கள். குளோரின் கலந்த குழாய்நீர் ஒட்டுண்ணிகளைக் கொன்றுவிடும். பின்னர், செவுள் மூடியைத் தூக்கி, செவுள் இழைகளின் நுனியை மட்டும் கூரிய சிறு கத்தரியால் நறுக்கி, இரத்தத்தை அதே நீரில் அலசிவிட்டு, இழைகள் ஒன்றன்மேல் ஒன்று படியாதவாறு பரப்புங்கள்.

தொடக்கநிலையினர் பெரும்பாலும் தடுமாறுவது வெளிச்சத்தில்தான். ஒட்டுண்ணிகள் ஏறத்தாழ நிறமற்றவை; விளக்கை முழுதாக எரியவிட்டால் அவை வெளிச்சத்தில் கரைந்து மறைந்துவிடும். ஸ்லைடு வைக்கும் மேடைக்குக் கீழே, வெளிச்சத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் டயாஃபிரத்தைக் காட்சி சற்று மங்கும் வரை மூடினால் விளிம்புகள் கருத்துத் தெரியத் தொடங்கும். 40 மடங்கில் ஸ்லைடு முழுவதையும் வரிசையாகப் பார்த்து, அசைவு தென்பட்ட இடத்தில் மட்டும் 100 மடங்குக்கு மாறுங்கள்.

பெரிதாகக் கருத்து மெதுவாக உருள்வது, உள்ளே குதிரைலாட வடிவ உட்கருவும் இருந்தால், வெண்புள்ளி நோயை உண்டாக்கும் இக்தியோப்தீரியஸ். வட்டமாக, உள்ளே பல்வளையத்துடன் சக்கரம்போல் சுழல்வது டிரைக்கோடினா. செவுளில் நெளியும் புழுவின் தலைப்பகுதியில் 4 கரும்புள்ளிகள் (கண்புள்ளிகள்) இருந்தால் பெரும்பாலும் முட்டையிடும் டாக்டைலோகைரஸ். கண்புள்ளி இல்லாமல், வயிற்றுக்குள் குட்டியின் கொக்கிகளும் தெரிந்தால் கைரோடாக்டைலஸ். அது குட்டி ஈனுவதால் ஒரே புழுகூடப் பெருகிப் பரவிவிடும். 1970களில் நார்வேக்குள் நுழைந்த கைரோடாக்டைலஸ் சலாரிஸை ஒழிக்க, ஆறுகளில் ரோட்டினோன் என்னும் மீன்கொல்லி நஞ்சைக் கலந்து மீன்களையே கொல்ல வேண்டியதாயிற்று.

இந்த வேறுபாட்டைப் பொறுத்தே மருந்தின் கால அட்டவணை அமையும். வெண்புள்ளி ஒட்டுண்ணி தோலுக்கடியில் இருக்கும்போது மருந்து எட்டாது. நீரில் நீந்தும் பருவத்தில்தான் சாகும் என்பதால் மீண்டும் மீண்டும் இட வேண்டும். டாக்டைலோகைரஸின் முட்டைகளும் மருந்துக்குத் தப்பிவிடுவதால், அவை பொரித்தபின் இன்னொரு முறை இட வேண்டியிருக்கும்.

பின்சேர்க்கை: அசையாத, கனத்த கரிய விளிம்புள்ள வட்டங்களைப் பார்த்து வெண்புள்ளி நோயா என்று சிலர் கேட்டிருந்தார்கள். அவை காற்றுக்குமிழிகள். கவர் ஸ்லிப்பைச் சாய்த்துவைத்து மெல்ல இறக்கினால் அவை பெரும்பாலும் உண்டாகா.