உவரி மணலில் எண்ணெய் தின்னும் பாக்டீரியாவைப் பிடிப்பது எப்படி
ஆய்வுக்கு மாதிரி எடுக்க நடுக்கடலுக்கெல்லாம் போக வேண்டாம். திருநெல்வேலிக் கடற்கரை ஊர்களான உவரியிலோ கூத்தங்குழியிலோ வள்ளம் கரையேறும் இடத்தில் டீசல் சிந்திக் கறுத்த ஈர மணலைச் சுத்தமான கண்ணாடிக் குப்பியில் அள்ளி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே ஆய்வகம் சேர்த்துவிடுங்கள்.

பாக்டீரியா வளர்க்கும் உப்புக் கரைசலான புஷ்னெல்-ஹாஸ் ஊடகத்தில் 3 சதவீதம் சாப்பாட்டு உப்பு சேருங்கள். அதில் கார்பன் கிடையாது, ஆகவே நாம் விடும் 1 சதவீத டீசல்தான் சாப்பாடு, அதைத் தின்று பிழைப்பதுதான் நமக்கு வேண்டியது. டீசலை ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) வைக்காதீர்கள், வடிகட்டியே கிருமி நீக்குங்கள் (நான் வைத்தேன்; ஆய்வகம் முழுக்கப் பெட்ரோல் பங்க் வாசம்). இதில் அந்த மணலைக் கொஞ்சம் போட்டு 30 டிகிரியில் 7 நாள் குலுக்கினால் மிதக்கும் படலம் உடைந்து, நீர் கஞ்சித்தண்ணி மாதிரி கலங்கும். அதிலிருந்து கொஞ்சம் புது ஊடகத்துக்கு, இப்படி மூன்று தடவை. அப்புறம் கெட்டி ஊடகம் ஊற்றிய தட்டில் கீறி, பாக்டீரியாவைத் தனித்தனியாகப் பிரித்தெடுங்கள். பாக்டீரியா போடாத குடுவை ஒன்றும் கூடவே ஓடட்டும். டீசல் தானாகவும் ஆவியாகும், அதையும் பாக்டீரியா கணக்கில் எழுதினால் வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள்.