சாக்கடைக்கு மூடி வாங்குவது எப்படி? முதல்முறை மனு எழுதுபவர்களுக்கு

மதுரைக்குக் கிழக்கே எங்கள் ஊராட்சியில், தெருச் சாக்கடை மேல் நாலடி சிலாப் ஒன்று போட வைத்தேன். அந்தத் தெம்பில் எழுதுகிறேன்.

தேவையானவை: மனு இரண்டு பிரதி, ஒரு ஊராட்சித் தலைவர், ஒரு யூனியன் ஆபீஸ் அதிகாரி. இருவருக்கும் ஆகாது என்றால் பாதி வேலை முடிந்தது.

படி 1: கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு 6 முறை கூடும். மே 1 வேண்டாம், வெயிலில் கையெழுத்துப் போட்டதும் ஆள் நிற்காது. தீர்மானப் பதிவேட்டில் உங்கள் தெருப் பெயர் ஏறியதா என்று கண்ணால் பாருங்கள். எனக்கு முதல் தடவை ‘கோரிக்கைகள் பரிசீலிக்கப்பட்டன’ என்று ஒரே வரி.

படி 2: தலைவரைப் பாருங்கள். “நான் அனுப்பிட்டேன் தம்பி, யூனியன் ஆபீஸ்லதான் அமுக்கி வச்சிருக்காங்க” என்பார். யூனியன் ஆபீஸில், “தீர்மானம் சரியா எழுதலைங்க, திருப்பி அனுப்பிட்டோம்” என்பார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை. தீர்மானம் அவர் கையில், எஸ்டிமேட் இவர்கள் கையில்.

படி 3: சூட்சுமமே இதுதான். அவர் சொன்னதை இவரிடம் போய்ச் சொல்லாதீர்கள். நான் சொன்னேன், இருவரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள். அவர்கள் ஒற்றுமையாக இருந்தது அன்றைக்கு மட்டும்தான்.

எழுத்தில் வாங்குங்கள். 2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாள். ‘கோப்பு எந்தத் தேதியிலிருந்து யாரிடம் இருக்கிறது?’ என்று மட்டும் கேளுங்கள். ‘ஏன்’ என்று கேட்டால் வழவழ பதில்தான் வரும்.

பதிலை ஜெராக்ஸ் எடுத்து ஒன்றைத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள் மனுவோடு இணையுங்கள். இன்னொன்றைத் தலைவரிடம் கொடுங்கள். கோப்பு யூனியன் ஆபீஸில்தான் இருக்கிறது என்று எங்கள் தலைவர் அதை டீக்கடை டீக்கடையாகக் காட்டினார். அவரைப் பொய்யாக்குவதற்காகவே அந்த வாரம் ஓவர்சியர் டேப்போடு வந்து அளந்துவிட்டுப் போனார்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். இந்த வழியெல்லாம் தலைவர் இருக்கும் காலத்துக்குத்தான். 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு எங்கள் பக்கத்து ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலம் முடிந்து, அவர்கள் இடத்தில் அரசு அதிகாரியான தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தார். அப்புறம் பக்கத்துத் தெரு அக்காவுக்கு இதே மாதிரி எழுதிக் கொடுத்தேன், கோப்பு அசையவே இல்லை. “யாரைப் பத்தி யாருகிட்டத் தம்பி கோள் மூட்டுறது?” என்று போனில் கேட்டார்.