உள்ளே நுழைந்தால் போதாது: மேகசின் அடாப்டர், ஸ்பேசர், காலிபர் மாற்றத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் ஏஆர்-15 வைத்திருப்பவர்கள் பலர் ஒரே ரைஃபிளில் இரண்டு காலிபர் (தோட்டா அளவு) சுடுகிறார்கள். மேல்பாதியைக் கழற்றி வேறொன்றை மாட்டினால் வேலை முடிந்தது. வசதிதான், ஆனால் உயிருக்கே உலை வைக்கும் தவறும் இங்கேதான் நடக்கிறது: 5.56 காலிபர் துப்பாக்கிக்குள் .300 பிளாக்அவுட் என்ற வேறு காலிபர் தோட்டா போய்விடுவது.

5.56-இன் போல்ட்டும் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பின்புறம் பூட்டும் பாகம்) மேகசினும் (தோட்டா அடுக்கும் பெட்டி) அப்படியே பயன்பட வேண்டும் என்றுதான் பிளாக்அவுட்டை வடிவமைத்தார்கள். அதனால் தவறான மேகசினை மாட்டினாலும் துப்பாக்கி எதிர்ப்புக் காட்டாது. பிளாக்அவுட் குண்டின் விட்டம் சுமார் 7.8 மில்லிமீட்டர், 5.56 குழலில் போகும் குண்டோ சுமார் 5.7 மில்லிமீட்டர்தான். பல நேரம் தோட்டா பாதியில் சிக்கி நின்றுவிடும். ஆனால் போல்ட் முன்னால் பாயும் வேகத்தில் குண்டு கேஸுக்குள் (தோட்டாவின் உலோக உறைக்குள்) அழுந்திவிட்டால், போல்ட் பூட்டிக்கொள்ளும். அந்த நிலையில் சுட்டால் குண்டுக்கு வெளியேற வழியில்லை. அழுத்தம் பின்பக்கம் திரும்பி போல்ட்டையும் ரிசீவரையும் (போல்ட் இருக்கும் உடற்பகுதி) சிதறடிக்கும். போல்ட் முழுதாக மூடவில்லையா? போல்ட்டை முன்னால் தள்ளும் ஃபார்வர்ட் அசிஸ்ட் பொத்தானைத் தட்டி மூடாதீர்கள். மேகசினை எடுத்துவிட்டு, சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடத்தில்) என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

பிளாக்அவுட் மேகசின்களுக்குத் தனி நிறப் பட்டை போடுங்கள். அதுமட்டும் போதாது என்பது என் கருத்து. சுடுதளத்து மேசைமேல் ஒரு நேரத்தில் ஒரு காலிபர்தான் இருக்க வேண்டும். மற்றது பெட்டியில் மூடியே இருக்கட்டும்.

ஷாட்கன்னிலும் இதே ஆபத்து உண்டு. அங்கே அளவைக் கேஜ் என்பார்கள்; எண் பெரிதானால் தோட்டா சிறிது. 20 கேஜ் தோட்டா 12 கேஜ் சேம்பருக்குள் வழுக்கிக்கொண்டு முன்னால் போய்க் குழலில் அடைத்து நின்றுவிடும். சேம்பர் காலி என்று நினைத்துப் பின்னால் 12 கேஜ் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். அமெரிக்காவில் 20 கேஜ் தோட்டாக்கள் மஞ்சள் நிறத்தில் வருவது இதற்காகத்தான். 12 கேஜ் துப்பாக்கிக்கு 20 கேஜ் அடாப்டர் வாங்கியவர்கள் இரண்டையும் ஒரே பையில் போடவே கூடாது.

பிஸ்டலுக்கு வருவோம். .40 பிஸ்டலை 9 எம்எம் ஆக்க அதற்கென்றே விற்கும் கன்வர்ஷன் பேரல் (மாற்றுக் குழல்) வேண்டும். அதன் வெளிப்புறம் .40 ஸ்லைடுக்கு (குழலை மூடியபடி முன்பின் நகரும் மேல்பாகம்) ஏற்ற தடிமனில் இருக்கும். சாதாரண 9 எம்எம் பேரல் அதில் தளர்ந்து ஆடும். மேகசினும் 9 எம்எம்முக்கு உரியதாக இருந்தால்தான் தோட்டா ஒழுங்காக ஏறும். .357 சிக் காலிபர் வேறு கதை: கேஸின் அடிப்பகுதி .40-ஐப் போன்றதே என்பதால், பெரும்பாலும் பேரலை மட்டும் மாற்றினால் போதும்.

குளாக் 19 பிஸ்டலில் குளாக் 17-இன் நீண்ட மேகசினை மாட்டுபவர்கள், கைப்பிடிக்குக் கீழே தெரியும் இடைவெளியை மறைக்க ஸ்லீவ் (ஸ்பேசர்) போடுகிறார்கள். மலிவான ஸ்லீவ் மேகசின் உடலில் மேலே நகர்ந்துவிடும். அப்போது மேகசின் முழுதாக ஏறாமல், முதல் குண்டுக்குப் பிறகு கீழே விழவும் கூடும். மாட்டியதும் ஒருமுறை கீழே இழுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

சட்டத்தையும் கவனியுங்கள். கலிபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி மாநிலங்களில் மேகசின் வரம்பு 10 தோட்டா. 10 தோட்டா மேகசினின் அடியில் இரண்டு தோட்டா கூடுதலாகப் பிடிக்கும் நீட்டிப்பை மாட்டினால், அங்கே அது சட்டவிரோதப் பொருள். வாத்து வேட்டையில் கட்டுப்பாடு இன்னும் இறுக்கம்: வலசைப் பறவைகளுக்கான கூட்டாட்சி விதிப்படி ஷாட்கன் மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏற்கக் கூடாது. அதற்காகக் குழாய் மேகசினுக்குள் செருகும் பிளக், துப்பாக்கியைப் பிரிக்காமல் எடுக்க முடியாத ஒரே துண்டாக இருக்க வேண்டும். துடைப்பதற்காகப் பிளக்கைக் கழற்றியவர்கள், வேட்டைக்குக் கிளம்பும் முன் டம்மி தோட்டாக்களைப் போட்டு எண்ணிப் பார்த்துவிடுங்கள்.