மாசியில் யூரியா வேண்டாம்: மரக்கன்று நடுபவர்கள் செய்யும் தவறுகள்

குழி ஆழம், நடவுப் பருவம் எல்லாம் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். நாற்றங்காலுக்கு வருபவர்கள் ஆண்டுதோறும் தவறாமல் செய்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

கோடை வாசலில் யூரியா

ஐப்பசி மழையில் நட்ட தேக்கும் மகோகனியும் மாசிவரை பெரிதாக உயராது. வேர் இறங்கும் காலம் அது. அதற்குள் பொறுமை போய், கன்றுக்கு ஒரு கைப்பிடி யூரியா வைத்துவிடுகிறார்கள். அதில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தில் இலை கரும்பச்சையாக அகலும், கொழுந்து நீளும், பெருமையோடு எனக்குப் படம் எடுத்து அனுப்புவார்கள்.

தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் கன்று தண்டுக்கும் இலைக்கும் செலவழிக்கும், வேர் பின்தங்கும். இலைப்பரப்பு கூடக்கூட ஆவியாகும் நீரும் கூடும். பங்குனியில் மேல்மண் காய்ந்ததும், குடிக்க வாய் சிறியது, வியர்க்க உடம்பு பெரியது என்றாகிவிடும். போதாக்குறைக்கு, நீர் வற்றிய மண்ணில் உரத்தின் உப்பு செறிந்து, இருக்கும் ஈரத்தையும் வேர் உறிஞ்சவிடாமல் தடுக்கும். இலை ஓரம் தீயும். அதைச் சத்துக்குறைவு என்று நினைத்து இன்னொரு கைப்பிடி போடுகிறார்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

சிவகங்கைப் பக்கம் ஒரு செம்மண் காட்டில் அப்படிக் கருகிய மகோகனி ஒன்றைத் தோண்டிப் பார்த்தோம். தண்டு இடுப்பு உயரம். வேர்ப்பந்து இன்னும் பாலிதீன் பையின் வடிவத்திலேயே இருந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம், குழியில் தொழுவுரம் மட்டும் கண்ட கன்றுகள் முழங்கால் உயரத்தில் உயிரோடு நின்றன.

யூரியா போட்டே ஆகவேண்டுமென்றால் மழைக்காலத்தில், சிறு அளவில், தண்டை விட்டுத் தள்ளிப் போடுங்கள். மழை ஓய்வதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள். கோடைக்குத் தேவை மூடாக்கு: கன்றைச் சுற்றி மண்ணை இலைதழையால் மூடிவைப்பது.

கொழுகொழு கன்றை வாங்குவது

நிழல்வலைக்குள் தினமும் நீர் குடித்து வளர்ந்த கன்று வெயிலைக் கண்டதும் துவளும். கடைசிச் சில வாரங்கள் தண்ணீரைக் குறைத்து வெயிலில் வைத்தார்களா என்று கேளுங்கள். தண்டு தடித்த குட்டைக் கன்றையே நான் எடுப்பேன்.

மக்காத சாணம்

வேரைச் சுடும். கறையானும் வரும்.

இலை உதிர்ந்த தேக்கைப் பிடுங்குவது

நகத்தால் பட்டையைக் கீறுங்கள். பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, கையை எடுத்துவிடுங்கள்.

தினம் ஒரு சொம்புத் தண்ணீர்

மேல்மண் மட்டும் நனைந்தால் வேரும் மேலேயே சுற்றும். அதற்குப் பதில் சில நாட்கள் இடைவெளி விட்டு, ஒரு குடத்தை மெதுவாக ஊற்றுங்கள்.